எழுபது வளைவும் ஒரு நியூட்ரலும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "கவிதை மட்டும் வேண்டாம். அம்மா கவிதை பதினாறு, காதல் கவிதை இருபத்திமூணு வந்தாச்சு!" கவிதை வருமானால் நான் ஏன் மெக்கானிக்கல் எடுக்கிறேன்? எனக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். அதனால் வண்டியில் போன கதையையே எழுதுகிறேன். கொஞ்சம் மானம் போகிற கதை. படித்துவிட்டு ஒர்க் ஷாப்பில் வைத்துக் கிண்டல் செய்யக் கூடாது என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர்களே! நம் விடுதியில் எந்த அறைக்குப் போனாலும் ஒரு லடாக் படம் இருக்கும். சுவரில் இல்லாவிட்டால் செல்போனில் இருக்கும். "ஒருநாள் புல்லட் வாங்கி லே வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போவேன்டா" என்று சொல்லாதவன் நம் வகுப்பில் எவன்? நானும் சொன்னவன்தான். ஆனால் லே போகப் பணம் வேண்டும், லீவு வேண்டும், முதலில் புல்லட் வேண்டும். மூன்றும் இல்லாதவனுக்கு ஆண்டவன் கொல்லிமலையைக் கொடுத்திருக்கிறான். ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. ஊட்டிப் பக்கம் கல்லட்டிப் பாதையில் 36. வால்பாறைக்கு 40. நம்ம கொல்லிமலைக்கு எத்தனை தெரியுமா? 70! அதுவும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலை. பதினெட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். ஒருநாளும் அதன்மேல் ஏறியதில்லை.

வண்டி என்னுடையது இல்லை, என் மாமாவுடையது. அம்மாவுக்கு நேர் தம்பி. வண்டி ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். அந்தக் கம்பெனியின் பெயர் 2011-லேயே மாறிவிட்டது. டேங்கில் இன்னும் பழைய பெயர் இருக்கிறது என்றால் வண்டியின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 97.2 சி.சி., நாலு கியர், கார்புரேட்டர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். மாமா அதை மூன்றாவது கையாக வாங்கினார். சீட்டுக்கு இரண்டு பக்கமும் பால் கேன் மாட்ட இரும்புக் கொக்கி வெல்டிங் வைத்திருக்கிறார். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் பால் எடுத்துக்கொண்டு போய் ஊற்ற வேண்டும். சாயங்காலம் 5 மணிக்கு மறுபடியும் அதே சுற்று. மழையோ தீபாவளியோ, மாட்டுக்கு ஏது லீவு? அந்த வண்டி நின்றால் மாமா வீட்டு அடுப்பும் நிற்கும்.

எனக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்த வாரம், நான் கேட்காமலே மாமா சொன்னார்: "ஞாயித்துக்கெழம காலைப் பால் ஊத்திட்டு வண்டிய எடுத்துக்க மாப்ள. கொல்லிமலை கொல்லிமலைன்னு அனத்திக்கிட்டே இருந்தியே. அஞ்சு மணிக்குக் கேன் மாட்டோணும். அதுக்குள்ள வந்துரு."

கூட வந்தவன் என் பெஞ்ச்மேட். பெயர் போடாதே என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான், அதனால் 'நண்பன்' என்றே எழுதுகிறேன். ஆளுக்கு 150 ரூபாய் போட்டோம். இருநூறுக்குப் பெட்ரோல். மீதி நூறு சாப்பாட்டுச் செலவுக்கு. இரண்டு ஹெல்மெட்டில் ஒன்று மாமாவுடையது, ஒன்று விடுதியில் இரவல்.

ராசிபுரம் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்குப் போகப் பெரிய ரோட்டைப் பிடிக்க வேண்டியதில்லை. சிங்களாந்தபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி என்று உள்ளுக்குள்ளேயே போய் அடிவாரமான காரவள்ளியைப் பிடித்துவிடலாம். மலை ரோட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கீழ் ரோட்டைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதுவே போதும் போல இருந்தது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. காற்று அடித்தால் இலையெல்லாம் திரும்பி வெளுப்பாகத் தெரியும். நடுவே ஒரு கோழிப்பண்ணை வரும், அந்த நாற்றம் முந்நூறு அடிக்குத் துரத்தும். பிறகு திடீரென்று ஈர மண் வாசனை, யாரோ வயலுக்குத் தண்ணீர் கட்டியிருப்பார்கள். பஸ்ஸில் போகும்போது இதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். வண்டியில் போகும்போது நாமே அதற்குள் இருக்கிறோம். ஒரு ஓடையைக் கடந்தால் முழங்காலில் குளிர் படுகிறது, மேடேறினால் முகத்தில் சூடு அடிக்கிறது. நாற்பது கிலோமீட்டர் வேகம்தான். அதற்கு மேல் போனால் கேன் கொக்கி கடகடவென்று ஆடும்!

காரவள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் முதல் பலகை: 1/70. அடுத்து 2/70. படிக்கட்டுக்கு எண் போட்ட மாதிரி ஒவ்வொரு வளைவுக்கும் எண். நண்பன் பின்னால் உட்கார்ந்து உரக்க எண்ணிக்கொண்டே வந்தான். பதினைந்தாவது வளைவுக்குமேல் வண்டி மூன்றாவது கியரில் இழுக்கவில்லை. இரண்டாவதுக்கு வந்தேன். சில வளைவுகளில் முதல் கியர். எதிரில் பஸ் வந்தால் அது முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம், ஆனால் பஸ்ஸிடம் போய்ச் சட்டம் பேச முடியுமா? ஓரமாக நின்றுவிடுவோம். நிற்கிற சமயத்தில் கீழே பார்த்தால்... நாங்கள் வந்த ரோடு கறுப்பு நாடாவைச் சுருட்டிப் போட்ட மாதிரி ஐந்தாறு மடிப்பாகக் கிடந்தது. சேந்தமங்கலம் பக்கத்து ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாக மின்னின. நண்பன் எண்ணுவதை மறந்துவிட்டான். "டேய், இது எத்தனாவது?" என்றேன். "அதை விடுடா, நம்ம ஊரு எந்தப் பக்கம்னு சொல்லு" என்றான்.

எழுபதும் ஏறி முடித்துச் சோளக்காடு போனபோது காற்றே வேறு மாதிரி இருந்தது. ஸ்வெட்டர் இல்லாமல் போனது தப்பு. சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம், வாழைத்தார், அன்னாசி எல்லாம் மலைபோல் குவிந்திருந்தன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, அடியில் காப்பிச் செடி. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்தோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிய அதே ஓரி. பத்தாம் வகுப்புத் தமிழையா இதை நடத்தியபோது, "அம்புக்கு அவ்வளவு கைனடிக் எனர்ஜி எங்கிருந்து வந்தது சார்?" என்று கேட்டு வெளியே நின்றவன் இதே நண்பன்தான்! அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டோம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்கும்போது பாடிக்கொண்டு இறங்கினோம். ஏறும்போது பேச்சே இல்லை. அருவியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, போய்ப் பாருங்கள்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், அந்தப் படிக்கட்டில்தான். ஏறி மேலே வந்தபோது மணி இரண்டரையைத் தாண்டிவிட்டது. 5 மணிக்குக் கேன் மாட்ட வேண்டும். போதாததற்கு, வீட்டுக்கென்று இரண்டு அன்னாசிப் பழம் வாங்கியதில் கையில் மிஞ்சியது முப்பது ரூபாய். செம்மேட்டுக்கு வருவதற்குள் வண்டி இருமியது. பெட்ரோல் ரிசர்வுக்குப் போய்விட்டது. ஏற்றத்தில் இவ்வளவு குடிக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை.

"இறக்கம்தானேடா? நியூட்ரல்ல போட்டு சாவிய ஆஃப் பண்ணிரு. அடிவாரம் வரைக்கும் ஒரு சொட்டுச் செலவில்ல" என்றான் நண்பன். அவன்மேல் பழி போடவில்லை. அவன் சொல்வதற்கு முன்பே என் மனசிலும் அதுதான் இருந்தது. எழுபதாவது வளைவுக்குச் சற்று முன்னால் நியூட்ரலுக்குத் தள்ளிச் சாவியைத் திருப்பினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமான பத்து நிமிஷம் வேறு கிடையாது. என்ஜின் சத்தம் நின்றதும் மலையின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூங்கில் உரசுகிற சத்தம், எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம், பெயர் தெரியாத ஒரு குருவி. டயர் ரோட்டில் ஓடுகிற 'ஸ்ஸ்' என்ற ஓசை. நான்கு மணி நேரம் அந்த மலையில் சுற்றினோம், அந்த மலை பேசியதை அப்போதுதான் கேட்டோம். வண்டியில் போகிற மாதிரியே இல்லை, பருந்து மாதிரி இருந்தது. அறுபதுகளில் ஒரு வளைவில் பலாப்பழம் ஏற்றிய மினி லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் 'ம்ம்ம்...' என்று முனகிக்கொண்டே நடைவேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் அதை ஓவர்டேக் செய்தோம். ஹாரன் அடிக்கலாம் என்றால் சாவி ஆஃப், ஹாரன் ஏது! நண்பன் திரும்பிப் பார்த்து, "தாத்தா, ஆமை வண்டியா?" என்று கத்தினான். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஐம்பதுக்கு அருகில் ஒரு வாசனை வந்தது. துணி கருகுகிற மாதிரி. "யாரோ குப்பை எரிக்கிறாங்க" என்றான் நண்பன். காட்டில் யார் குப்பை எரிப்பார்கள்? நாற்பதுக்குக் கீழே முன் பிரேக் லீவர் வழக்கத்தைவிட உள்ளே வந்தது. கால் பிரேக்கை அமுக்க அமுக்க இறங்கிக்கொண்டே போனது. பிடிக்கிறது, ஆனால் பழைய பிடிப்பு இல்லை. 33-ல் ரோட்டின் மறுபக்கம்வரை போய்த் திரும்பினேன். 32-ஐ எப்படித் திரும்பினேன் என்று நினைவில்லை. 31 பலகை தெரிந்தபோது லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

நேரே குட்டைச் சுவர். அதற்கப்பால் ஆகாயம். கியர் போடலாம் என்று காலால் மிதித்தேன். கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது, பல் மாட்டவில்லை. "மலைப் பக்கம் விடுடா! மலைப் பக்கம்!" என்று நண்பன் என் தோளைப் பிடித்துத் திருகினான். அவன் அப்படிக் கத்தாவிட்டால் இந்த மலரில் என் பெயர் வேறு பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள் வந்திருக்கும். ஓரத்துத் தண்ணீர்க் கால்வாயில் முன் சக்கரத்தை விட்டேன். வண்டி மண்மேட்டில் இடித்துச் சாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதன்மேல்.

நண்பனுக்கு முழங்காலும் உள்ளங்கையும் கிழிந்திருந்தன. எனக்கு முழங்கை. ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. லெக் கார்டு வளைந்துவிட்டது, இடது இண்டிகேட்டர் தூள். இரண்டு அன்னாசியும் நசுங்கி, ரத்தத்துக்குப் பதிலாக அன்னாசி வாசனை அடித்தது. நண்பன் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டான்.

சக்கரத்து நடுவிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வாட்டர் பாட்டிலைத் திறந்து டிரம்மின்மேல் ஊற்றப் போனேன். ஒரு சொட்டு விழுந்தது, தோசைக் கல்லில் தெளித்த மாதிரி 'சுர்' என்று துள்ளியது.

"தண்ணி ஊத்தாத தம்பி! வெடிச்சிரும்!"

பலாப்பழ மினி லாரி! அதே முனகலுடன் வந்து நின்றிருந்தது. இறங்கியவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். லுங்கி, தோளில் துண்டு. முதலில் நண்பனின் காலைப் பார்த்தார். துண்டைக் கிழித்துக் கட்டினார். பிறகு வண்டியிடம் வந்தார்.

"நியூட்ரல்லயா வந்தீங்க?"

நான் பேசவில்லை. நண்பன்தான் "ஆமாங்கண்ணா" என்றான்.

"படிக்கிறீங்களா?"

"பாலிடெக்னிக்குங்க."

"என்ன படிப்பு?"

"மெக்கானிக்கலுங்க."

அவர் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கப்பா என்ன பண்றாரு?"

"லாரி டிரைவருங்க" என்றேன். அதுவரை சிரிக்காத மனுஷன் அப்போதுதான் சிரித்தார். "லாரிக்காரன் மகனாடா நீ? லாரிக்காரன் மகனா நியூட்ரல்ல வந்த?"

'ஆமை வண்டியா' என்று கத்தியது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தார். டிரம் தானாக ஆறட்டும் என்றார். முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை ஒருவாறு நேராக்கினார். பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். திரும்பி வந்திருந்தது. "இப்ப ஸ்டார்ட் பண்ணு. ரெண்டாவதுலயே போ. கிளட்ச்சத் தொடாத. நான் உனக்குப் பின்னாடி வரேன்." நண்பனைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டார். மீதி முப்பது வளைவும் என் முதுகுக்குப் பின்னால் அந்த முனகல் வந்துகொண்டே இருந்தது. காரவள்ளியில் நண்பனை இறக்கிவிட்டுவிட்டு, டீ வாங்கித் தருகிறோம் என்றதற்கும் நிற்காமல் போய்விட்டார்.

நண்பர்களே, இனி நம் பாடத்துக்கு வருவோம். 'என்ஜின் பிரேக்கிங் – சிறு குறிப்பு வரைக.' இந்தக் கேள்வி எனக்குத் தேர்வில் வந்தது. படம் போட்டு எழுதினேன். முழு மார்க்! கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் சக்கரம் என்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும், மூடிய திராட்டிலை எதிர்த்துப் பிஸ்டன் காற்றை உறிஞ்சத் திணறும், அந்தத் திணறல்தான் பிரேக் என்று அழகான கையெழுத்தில் எழுதியவன், எழுபதாவது வளைவில் அந்தப் பிரேக்கைக் கையால் தள்ளி அணைத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு கணக்கும் போட்டேன். வண்டி 110 கிலோ, நாங்கள் ஆளுக்கு 60. ஆக 230. மேலிருந்து கீழே 800 மீட்டர் இறக்கம் என்று வைத்தாலும் mgh போட்டால் 1,800 கிலோஜூல் வருகிறது. ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு! காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியெல்லாம் கையகல டிரம் இரண்டுக்குள் போக வேண்டும். என்ஜின் ஓடியிருந்தால் அதில் பெரும்பங்கை என்ஜின் வாங்கிச் சைலன்சர் வழியாகவும் ஃபின் வழியாகவும் வெளியே விட்டிருக்கும். டிரம் சூடானால் விரிகிறது, ஷூ எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. லைனிங் சூடானால் உராய்வு குறைகிறது. 'பிரேக் ஃபேட்' என்று புத்தகத்தில் ஒரு வரி. இதற்காக நான் மிச்சம் பிடித்த பெட்ரோல்? திராட்டில் மூடியிருக்கும்போது ஐடில் ஜெட் வழியாக ஒழுகுகிறதுதான் செலவு. கால் லிட்டர் இருந்தால் அதிகம். இருபத்தைந்து ரூபாய்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். மாமா வாசலில் கேன்களோடு நின்றுகொண்டிருந்தார். "மணல்ல வழுக்கிருச்சு மாமா" என்றேன். வண்டியைப் பார்க்காமல் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "உசுருக்கு ஒண்ணுமில்லியே. போயி சோறு உண்ணுங்க." அவ்வளவுதான். உடைந்த இண்டிகேட்டரோடு கேனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பால்காரம்மாக்கள் சில பேர் அன்றைக்கு வேறு ஆளுக்கு ஊற்றிவிட்டார்கள் என்று மாமி பிற்பாடு சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நான் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். மாமா வந்து என் நோட்டின்மேல் எதையோ வைத்தார். பழைய பிரேக் ஷூ. லைனிங் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது.

"மணல்ல வழுக்குனா இப்படி ஆகுமா மாப்ள?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஓவர்டேக் செய்ததைக்கூடச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போனார். ஷூ இரண்டு செட், இண்டிகேட்டர், ஹேண்டில் பெண்டு எடுத்தது எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய். கொடுத்தால் வாங்கமாட்டார் என்று தெரியும். அதனால் அவர் வண்டி விடுகிற அதே ஒர்க் ஷாப்பில் நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து அங்கேயே கழித்தேன். அந்த நாலு நாளில் முப்பது பிரேக் ஷூவாவது மாற்றியிருப்பேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எங்கள் ஷூ மாதிரி ஒன்றுகூட வரவில்லை.

அப்பா அப்போது குஜராத் லோடில் இருந்தார். திரும்பி வந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது நானே சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார், "எத்தனாவது வளைவு?"

"முப்பத்தொண்ணுங்கப்பா."

சாப்பிட்டு முடிக்கும்வரை பேசவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, "மாமங்கிட்ட ஞாயித்துக்கெழம வண்டி கேளு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார்.

என் அப்பா பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முப்பது வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அன்றைக்குக் காலையில் என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தபோது வண்டியைவிட எனக்குத்தான் பாரம் அதிகமாகத் தெரிந்தது. ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும், "இப்ப என்ன கியரு?" என்று கேட்டார். "ரெண்டுங்கப்பா." "ஞாபகம் வெச்சுக்க. எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லதான் எறங்கோணும். லோடு இருவது டன்னா இருந்தாலும் இதேதான், ரெண்டு ஆளா இருந்தாலும் இதேதான்." சோளக்காட்டில் ஒரு டீ. ஓரி சிலை பார்க்கலாம், அருவி பார்க்கலாம் என்றேன். "அருவி எங்கியும் ஓடிப்போவாது. திருப்பு வண்டிய" என்றார்.

இரண்டாவது கியர். என்ஜின் முனகியது. அதே 'ம்ம்ம்...' சத்தம். மூங்கில் உரசுவது கேட்கவில்லை, குருவி கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஹாரன். பிரேக்கை வளைவில் மட்டும் லேசாகத் தொட்டேன். எங்களைத் தாண்டி இரண்டு பைக் நிறையப் பையன்கள் கத்திக்கொண்டே போனார்கள். அப்பா "போறவன் போகட்டும்" என்றார்.

31-ல் என் தோளைத் தட்டினார். நிறுத்தினேன். இறங்கிப் போய்க் கால்வாயைப் பார்த்தார். இண்டிகேட்டரின் மஞ்சள் துண்டு ஒன்று இன்னும் அங்கே கிடந்தது. பிறகு மறுபக்கம் போய்க் குட்டைச் சுவருக்குமேல் எட்டிக் கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கூட கிளீனரா ஒரு பையன் இருந்தான்... உன் வயசுதான் இருக்கும்" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடு வண்டிய" என்றார்.

காரவள்ளியில் நிறுத்தியதும் அப்பா முதலில் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். புறங்கையை டிரம்மின் அருகே கொண்டுபோனார், பிறகு மெதுவாகத் தொட்டார். அப்படியே வைத்திருந்தார். பின் சக்கரத்துக்கும் அதே மாதிரி.

"நீயும் தொட்டுப் பாரு."

தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குத்தான் சூடு இருந்தது.

"ரெண்டு டீ சொல்லு" என்று எழுந்தார். "மணி என்ன, ரெண்டரையா? அஞ்சு மணிக்குக் கேன் மாட்டோணும்."